பறவைக்கும் களத்தில் பங்கு உண்டு



தீபாவளி என்றால் நம்ம ஊர்களில் விடியற்காலை நாலு மணிக்கே வெடிச் சத்தம் ஆரம்பித்துவிடும். தலையில் எண்ணெய் வைப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் ஒரு சரத்தைக் கொளுத்திவிடுவார்கள். ஆனால் மதுராந்தகம் வட்டத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அங்கே தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, வெடி மட்டும் கிடையாது. ஏன் தெரியுமா? ஐப்பசி மழையில் ஏரி பெருகி, பறவைகள் வந்து இறங்குகிற நேரம் அது. சத்தம் கேட்டால் அவை கலைந்து போய்விடும்.

எந்த ஊர் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீங்க. வேடந்தாங்கல்தான்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம். 2019-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது பறவைச் சரணாலயம். நமக்கு அது முதலில் ஒரு பாசன ஏரி. ஊர்ப் பேரையே பாருங்க. தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடன் தாங்கல், அதாவது வேடர்களின் ஏரி. ஒரு காலத்தில் வேட்டையாடின இடம், இன்றைக்குப் பறவைக்கு அடைக்கலம் கொடுக்கிற இடம். இந்த மாற்றம் எப்படி வந்தது, அதனால் விவசாயிக்கு என்ன லாபம், அந்த வழக்கம் நிலைக்க நாம் என்ன செய்யணும் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஏரியே எருக்குழி

வேடந்தாங்கல் ஏரி சுமார் 74 ஏக்கர்தான். நம்ம மாவட்டத்து ஏரிகளோடு வைத்துப் பார்த்தால் பெரிசு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள்ளே தண்ணீரிலேயே நிற்கிற நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், மரத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். மேலே தலை மட்டும் பச்சைக் குடை மாதிரி தெரியும். அந்தக் குடைகள் மேலேதான் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன், வெள்ளைக் கொக்கு என்று வரிசையாகச் சொல்லலாம். நல்ல மழை பெய்த வருஷத்தில் பல்லாயிரம் பறவைகள் அங்கே கூடும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து குஞ்சு பொரிக்கின்றன என்று பலபேர் நினைக்கிறாங்க. அது சரியில்லை. கூடு கட்டுகிறவை நம்ம நாட்டுப் பறவைகளே. நீலச்சிறகி மாதிரியான வாத்துகள் வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருவது உண்மை. ஆனால் அவை இரை தேடவும் குளிருக்குத் தப்பவும் வந்து, கோடையில் திரும்பிப் போகிற விருந்தாளிகள்.

கூடு ஏன் தண்ணீருக்கு நடுவில்? கோட்டைக்கு அகழி இருப்பது மாதிரி, கூட்டுக்குத் தண்ணீர்தான் அகழி. பூனை, நரி, மனுஷன் யாரும் நெருங்க முடியாது. தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டால், குஞ்சு இருந்தாலும் பறவை பயந்து கூட்டை விட்டுவிடும். மழை பொய்த்த வருஷங்களில் அங்கே கூடு குறைந்து போவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்குப் பாருங்க. ஒவ்வொரு பறவையும் காலையில் கிளம்பிப் போய், பல மைல் சுற்றளவில் இருக்கிற ஏரி, குளம், வயல் எல்லாவற்றிலும் மீன், தவளை, நத்தை, நண்டு, பூச்சி என்று பிடித்துத் தின்கிறது. கூட்டுக்கு வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதன் எச்சம் எங்கே விழுகிறது? நேராக ஏரித் தண்ணீரில். அந்த எச்சத்தில் தழைச்சத்தும் உண்டு, மணிச்சத்தும் உண்டு. சுற்றுவட்டாரத்துச் சத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரே ஏரியில் சேர்க்கிற கூலியில்லாத ஆட்கள் இந்தப் பறவைகள். வண்டியும் வேண்டாம், மாடும் வேண்டாம்.

அந்தத் தண்ணீர் பச்சை தட்டி இருக்கும், ஒரு வாடையும் அடிக்கும். மதகைத் திறந்தால் எரு கரைத்த தண்ணீரே வயலுக்கு வருகிறது. அதுவும் எப்போது வருகிறது? கார்த்திகை, மார்கழியில் கூடு நிறைகிறது. தை, மாசியில் குஞ்சுகள் வளர்கின்றன. எச்சம் அதிகமாகச் சேருகிற அந்தச் சமயத்தில்தான் நவரைப் பயிர் தூர் கட்டி வளர்கிறது. ஏரித் தண்ணீரின் சத்தும் பயிரின் தேவையும் ஒரே காலத்தில் சேருகின்றன. அதனால்தான் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவையை விரட்டாமல் காத்து வந்தார்கள். ரசாயன உரம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதைக் கண்டுகொண்டார்கள் என்றால், அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல முடியுமா?

கலெக்டர் கொடுத்த எழுத்து

இனி 1798-ஆம் ஆண்டுக்குப் போவோம். அப்போது கம்பெனி ஆட்சி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து வேடந்தாங்கல் ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். இந்த ஏரியில் கூடு கட்டுகிற பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று அவரிடம் எழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் அதைக் கவுல் என்பார்கள்.

பிளேஸ் துரை பேரை நம்ம பக்கத்தில் பலபேர் வேறொரு கதையிலும் கேட்டிருப்பீங்க. மதுராந்தகம் பெரிய ஏரி உடையப் போன ராத்திரி, வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதை ஒரு கலெக்டர் கண்டார், ஏரி காத்த ராமர் என்று அதனால்தான் பேர் வந்தது என்று சொல்லுவாங்க இல்லையா? அந்தக் கதையில் வருகிற கலெக்டரும் இவரே. அதுவும் 1798-ஆம் ஆண்டுக் கதைதான்.

1858-ல் அந்த எழுத்தைப் புதுப்பித்து வாங்கினார்கள். 1936-ல் மாவட்டக் கலெக்டர் அதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சர்க்கார் சட்டம் எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் வந்தது ஊர்க் கட்டுப்பாடு.

கலெக்டரின் சொந்த நாட்டில்

அந்தக் கலெக்டரின் நாடான இங்கிலாந்திலும் விவசாயிகள் உண்டு, அவர்களுக்கும் வழக்கங்கள் உண்டு. நம்ம பக்கம் சித்திரையில் நல்லேர் பூட்டுகிற மாதிரி, அங்கே ஜனவரி 6-ஆம் தேதிக்குப் பிறகு வருகிற முதல் திங்கட்கிழமையை ஏர்த் திங்கள் என்று கொண்டாடினார்கள். ஏருக்கு அலங்காரம் செய்து ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காசு வாங்குவார்கள். அறுவடையில் கடைசிப் பிடிக் கதிரைப் பொம்மை மாதிரிப் பின்னி வீட்டில் மாட்டி வைப்பார்கள். கேட்டால் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது இல்லையா?

ஆனால் பறவை விஷயத்தில் அவர்கள் வேறு வழியில் போனார்கள். 1566-ல் தானியத்தைக் காக்க என்று இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். பறவையைக் கொன்று தலையைக் கொண்டுவந்து கொடுத்தால் கோயில் நிர்வாகத்தார் காசு கொடுக்கணும். முட்டைக்கும் காசு உண்டு. காகம் மட்டும் அல்ல, மீன்கொத்தியும் நீர்க்காகமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நெல்லோ கோதுமையோ தின்னாத பறவைகளுக்கும் தலைக்கு விலை வைத்தார்கள்.

பிறகு என்ன ஆச்சு? 1840-ஆம் ஆண்டுகளில் அதே நாட்டு விவசாயிகள் நிலத்துக்குச் சத்துப் போதவில்லை என்று, தென்னமெரிக்காவில் பெரு நாட்டுக் கடல் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக விலைக்கு வாங்கினார்கள். அங்கே மழையே பெய்யாது. அதனால் கடற்பறவைகளின் எச்சம் ஆயிரக்கணக்கான வருஷமாக மலை மாதிரி குவிந்து கிடந்தது. நம்ம வேடந்தாங்கல்காரர்கள் எழுத்தைப் புதுப்பித்து வாங்கின அதே 1858-ல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் டன் இங்கிலாந்துக்குப் போய் இறங்கியது. சீனாவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து அடிமை மாதிரி வேலை வாங்கி அதை வெட்டி எடுத்தார்கள். முப்பது நாற்பது வருஷத்தில் அந்த மலையே கரைந்து போயிற்று. கடைசியில் பெரு அரசாங்கம் விழித்துக்கொண்டு, 1909 முதல் பறவைகளைக் காவல் காத்து, சேருகிற எச்சத்தை அளவோடு எடுக்கிற ஏற்பாட்டுக்கு வந்தது.

இங்கிலாந்தில் கடற்பறவைகளைக் காக்கச் சட்டம் வந்தது 1869-ல். நம்ம ஊர் விவசாயிகள் கலெக்டர் கையில் எழுத்து வாங்கி 71 வருஷத்துக்குப் பிறகு!

அவர்கள் கையிருப்பை எடுத்துத் தீர்த்தார்கள். வேடந்தாங்கல்காரர்கள் வருஷ வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விதை நெல்லைச் சமைக்காமல் பத்திரப்படுத்துகிற விவசாயிக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பறவையும் களத்துப் பங்காளிதான்

இந்தக் குணம் நம்ம மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு எவ்வளவு எடுத்து வைத்தார்கள் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. கோயிலுக்குப் பங்கு. கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, நாவிதருக்கு, வண்ணாருக்குப் பங்கு. ஏரிக்கும் ஒரு பங்கு! கரை போடவும் தூர் வாரவும் ஆகிற செலவைக் களத்திலேயே முதலில் ஒதுக்கி வைத்தார்கள். மீதியைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

புதுக் கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டு, சிட்டுக்குருவி கொத்தித் தின்னட்டும் என்று விட்டதும் இதே எண்ணம்தான். விளைச்சலுக்கு உழைத்த எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதே அதன் பொருள். வேடந்தாங்கலில் பறவை எருப் போடுகிறது. ஊர் அதற்கு அமைதியைக் கூலியாகக் கொடுக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஆயக்கட்டில் நிலம் இருக்கிறவனுக்கு எருத் தண்ணீர் கிடைக்கிறது. நிலமே இல்லாத கூலிக்காரர் பிள்ளையும் அல்லவா வெடி வெடிக்காமல் இருக்கிறான்? அவனுக்கு என்ன பங்கு? பழைய களத்தில் நிலம் இல்லாத தொழிலாளிக்கும் அளந்தார்கள். இன்றைக்கும் சரணாலயத்தால் வருகிற வேலை, கடை, காவல் ஆள் வேலை முதலானவற்றில் அந்தக் குடும்பங்களுக்கு முதல் இடம் கொடுப்பதுதான் முறை. பாரம் எல்லாருக்கும், லாபம் சிலருக்கு என்றால் எந்த ஊர்க் கட்டுப்பாடும் நெடுநாள் நிற்காது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியிருக்கிற கொள்ளுக்குடிப்பட்டியிலும் வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் வீடு வீடாக இனிப்புக் கொடுத்துப் பாராட்டுவது அங்கே வழக்கம். சின்னக் காரியம்தான். ஆனால் எங்களை நினைத்தார்கள் என்ற மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

எல்லாப் பறவையும் எதிரியா?

"பறவை வந்தால் நெல்லைத் தின்றுவிடாதா ஐயா?" என்று நீங்க கேட்கலாம். பால் பிடிக்கிற கதிரில் வந்து விழுகிறவை கிளி, தூக்கணாங்குருவி, சில்லை மாதிரியானவை. அவற்றுக்குப் பரண் போட்டு ஆள் காவல் வைப்பதும், மினுமினுக்கிற நாடா கட்டுவதும் போதும். நாரையும் கொக்கும் நெல் தின்னுவதில்லை.

நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனித்திருக்கீங்களா? மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தை பிடிக்கிறதுக்கென்றே அமைந்த அலகு அது. இளநாற்றைக் கடிக்கிற நத்தையை அது தேடித் தேடித் தின்னும். ஏர் ஓட்டும்போது பின்னாலேயே நடந்து வருகிற உண்ணிக்கொக்கு, மண் புரளப் புரள வெளியே வருகிற வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கும். டிராக்டர் வந்த பிறகும் அது ஓடிப் போகவில்லை, டிராக்டர் பின்னாலேயும் நடக்கிறது. நாற்று நட்ட வயலில் கொக்கு நடந்து சில குத்து சாய்வது உண்டு. அதைக் கையால் நிமிர்த்திவிடலாம்.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களுக்கு நீர்க்காகத்தாலும் கூழைக்கடாவாலும் நஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மீன் வளர்க்கிற குளத்துக்கு மேலே கயிறோ வலையோ கட்டலாம். பறவை கூடு கட்டுகிற ஏரியை மீன் குத்தகைக்கு விடாமல் இருப்பதே நல்லது.

யூரியாவில் எவ்வளவு குறைக்கலாம்?

பறவை ஏரித் தண்ணீர் பாய்கிற வயலுக்கு, பக்கத்து ஊர்க்காரர் போடுகிற அளவு யூரியாவைப் போட்டால் என்ன ஆகும்? பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். குலைநோய் தாக்கும். கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும். ஆக, இலவசமாகக் கிடைத்த சத்தோடு காசு கொடுத்து வாங்கினதையும் கொட்டி நஷ்டத்தை வாங்கக்கூடாது.

கண்ணை மட்டும் நம்பாதீங்க. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்க. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூ எடுக்கிற வரைக்கும் வாரம் ஒரு தடவை பார்க்கணும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வயலில் அங்கங்கே 10 குத்துகளைத் தேர்ந்தெடுங்க. ஒவ்வொன்றிலும் முழுசாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்க. வெயில் படாமல் உங்க நிழலில் வைத்துப் பார்க்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது கணக்கு. பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ அந்த எண்ணுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் தழைச்சத்து போடுங்க. இல்லாவிட்டால் யூரியா மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். பயிர் வைக்கும் முன்னால் மண் பரிசோதனை செய்துகொண்டால், மணிச்சத்திலும் எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஊர்க்காரர் கையில்

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். வேடந்தாங்கல்காரர்கள் எவ்வளவு காத்தாலும், பறவை தூங்குவதுதான் அவர்கள் ஏரியில். சாப்பிடுவது உங்க வயலில், உங்க ஏரியில். ஒரு வயலில் விஷம் தின்ற நத்தையைக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டினால், வேடந்தாங்கல் காத்த அமைதி எதற்கு உதவும்? 2020-ல் அந்த 5 கிலோமீட்டர் எல்லையை மாற்றி அமைக்க ஒரு யோசனை வந்தபோது கடுமையான எதிர்ப்பு கிளம்பியதற்கும் இதுவே காரணம். ஏரிக்கரையோடு பறவையின் உலகம் முடிந்துவிடுவதில்லை.

அதனால் கரிக்கிலி, மதுராந்தகம் சுற்றுவட்டாரத்திலும், பறவை வருகிற எந்த ஊரிலும் இருக்கிற விவசாயிகளுக்குச் சில வார்த்தை சொல்கிறேன்.

பூச்சி கண்ணில் பட்ட உடனே மருந்து அடிக்காதீங்க. வேளாண் அலுவலரைக் கேட்டு, சேத அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடிங்க. மருந்து அடித்த வயல் தண்ணீரை உடனே வடிகாலில் திறந்துவிடாதீங்க. தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் கழுவாதீங்க. மருந்து கலந்த விதையில் மீந்ததை வரப்பில் கொட்டாமல் குழி தோண்டிப் புதையுங்க.

ஏரித் தூர் வாருகிறபோது, உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் சீமைக் கருவேலம் என்று நினைத்து வெட்டிவிடாதீங்க. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பெரியவங்களைக் கூட வைத்துக்கொள்ளுங்க. கோடையில் வண்டல் அடிப்பது நல்ல பழைய வழக்கம்தான். ஆனால் சரணாலய ஏரிகளில் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக்கூடாது. வரத்துக்கால்வாயை மறிக்காதீங்க. தண்ணீர் வந்தால்தான் அகழி, அகழி இருந்தால்தான் கூடு.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்க. திருநெல்வேலி மாவட்டம் கூந்தங்குளத்தில் ஊர் மக்களே அப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்துப் பறக்க விட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஏரி வண்டல் வயலுக்கு எருவாகிறது. கர்நாடகத்தில் கொக்கரே பெள்ளூர் என்ற ஊரில் வீட்டுப் புளியமரத்திலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் விழுகிற எச்சத்தைச் சேர்த்து நிலத்துக்குப் போடுகிறார்கள். ஆக, நான் சொன்னது ஒரே ஊரின் அதிசயம் இல்லை. பக்கத்தில் பறவை இருந்தால் எந்த ஊரும் செய்யக் கூடியதே.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் வேடந்தாங்கல் விவசாயிகள் துப்பாக்கிக்கு எதிராகக் கலெக்டரிடம் போனார்கள். இன்றைக்குத் துப்பாக்கி வருவதில்லை. மருந்து டப்பாவும், அடைபட்ட கால்வாயும், வெட்டுப்பட்ட மரமும்தான் வருகின்றன. இவற்றுக்குக் கலெக்டர் எழுத்து மட்டும் போதாது. அது நம்ம கையில் இருக்கிறது.

வருகிற தையில் களத்தில் நெல் அளக்கும்போது, ஏரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அங்கே உங்க பங்காளிகள் குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டு இருப்பார்கள்.